தராசு சொல்லும் பொய்

குழந்தை கொழுகொழு என்று இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? பக்கத்து வீட்டு மாமி கன்னத்தைக் கிள்ளுவாள். தெருவில் போகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள். கண் பட்டுவிடப் போகிறதே என்று பாட்டி கன்னத்தில் ஒரு பொட்டு மை வைப்பாள். அதே குழந்தை சற்று மெலிந்திருந்தால் போதும், "ஏண்டி, பிள்ளைக்கு வயிறாரப் போடுகிறாயா இல்லையா?" என்று எல்லோரும் தாயாரைத்தான் கேட்பார்கள்.

என் பாட்டிக்குத் தராசே வேண்டாம். குழந்தையை ஒரு தரம் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டால், "போன மாசத்துக்கு இப்போ தேவலை" என்றோ, "துரும்பாய் இளைத்துவிட்டதே" என்றோ தீர்ப்புச் சொல்லிவிடுவாள். அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

பாட்டியின் இடுப்பானாலும் சரி, ஆஸ்பத்திரித் தராசானாலும் சரி, இரண்டுக்கும் தெரிந்தது ஒன்றுதான்: மொத்தப் பாரம் எவ்வளவு என்பது. அந்தப் பாரத்தில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று கேட்டால் இரண்டும் விழிக்கும். சாதாரணக் குழந்தைகள் விஷயத்தில் இது பெரிய குறையல்ல. ஆனால் சில குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் தராசை அப்படியே நம்பினால், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே கெடுதல் செய்துவிட நேரும். அந்தக் குழந்தைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கட்டளை வராத தசைகள்

அவர்களுக்கு வந்திருக்கும் நோயின் பெயர் 'ஸ்பைனல் மஸ்குலர் அட்ராபி'. வாயில் நுழைய மறுக்கும் பெயர்தான். டாக்டர்கள் 'எஸ்.எம்.ஏ.' என்று சுருக்கிச் சொல்லுவார்கள். தமிழில் முதுகுத் தண்டுத் தசை நலிவு என்று சொல்லலாம்.

தசை நலிவு என்று பெயர் இருந்தாலும் நோய் தசையில் ஆரம்பிப்பதில்லை. முதுகுத் தண்டின் முன்பக்கத்தில் சில நரம்பு அணுக்கள் இருக்கின்றன. 'கையைத் தூக்கு, காலை மடக்கு, மூச்சை இழு, விழுங்கு' என்ற கட்டளைகள் அவற்றின் மூலமாகவே தசைகளுக்குப் போய்ச் சேருகின்றன. இந்த நோயில் அந்த அணுக்கள் மடிந்து போகின்றன. கட்டளை வராத தசை, தண்ணீர் பாயாத வயலைப் போல வாடிச் சுருங்குகிறது. புத்திக்கோ ஒரு குறைவும் இல்லை. உட்கார முடியாத குழந்தை, சுற்றி நடப்பதை எல்லாம் கண்ணாலேயே அளந்துகொண்டு படுத்திருக்கும்.

1891-ல் ஆஸ்திரிய டாக்டர் குய்டோ வெர்ட்னிக் என்பவர், கூடப் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளிடம் இந்த நோயைக் கண்டு எழுதி வைத்தார். 1893-ல் ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்து யோஹான் ஹாப்மன் இன்னும் சிலரைப் பற்றி எழுதினார். காரணம் என்ன என்று தெரிய அதற்கப்புறம் நூறு வருஷம் பிடித்தது. 1995-ல் பாரிஸில் ஜூடித் மெல்கி என்ற அம்மையாரின் குழுவினர், ஐந்தாவது குரோமோசோமில் உள்ள ஒரு ஜீன் கெட்டுப் போவதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நரம்பு அணு உயிர் வாழ்வதற்கு வேண்டிய ஒரு புரதத்தை அந்த ஜீன்தான் செய்து கொடுக்கிறது. அதற்கு ஒரு 'தம்பி' ஜீனும் உண்டு. தம்பியும் அதே புரதத்தைத்தான் செய்கிறான். ஆனால் பத்தில் ஒன்பது பங்கு அரைகுறை வேலை. வீட்டில் இத்தகைய தம்பிகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நோயின் கடுமை பெரும்பாலும் கூடும் அல்லது குறையும்.

ஆறு மாதத்துக்குள் தலைகாட்டி, குழந்தையை உட்காரவே விடாமல் செய்வது முதல் வகை. உட்கார முடியும், நடக்க முடியாது என்பது இரண்டாவது வகை. நடக்கக் கற்றுக்கொண்டு, பிறகு தடுமாறுவது மூன்றாவது வகை. பிறக்கும் குழந்தைகளில் சுமார் பத்தாயிரத்துக்கு ஒன்று என்று கணக்குச் சொல்கிறார்கள். கெட்ட ஜீன் ஒன்றை மட்டும் சுமந்துகொண்டு, தமக்கு ஒரு நோயும் இல்லாமல் நடமாடுகிறவர்கள் சுமார் ஐம்பதில் ஒருவர். தாய், தகப்பன் இரண்டு பேருமே அப்படிச் சுமப்பவர்களாக இருந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம். அத்தை பிள்ளை, மாமன் மகள், தாய்மாமன் என்று உறவுக்குள்ளேயே கல்யாணம் செய்யும் நம் குடும்பங்களில் இப்படி இருவர் சேர்ந்துவிடுவதற்கு இடம் அதிகம். உறவே இல்லாத தம்பதிகளுக்கும் வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "உன் வம்சத்தில்தான் இருந்தது" என்று மருமகளைப் பார்த்துச் சொல்லும் மாமியாருக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம். அவருடைய பிள்ளையும் பாதிப் பங்கு கொடுத்திருக்கிறார்.

கால்பந்து வீரர்கள் தோற்ற பரீட்சை

எடை விஷயத்துக்கு வருவோம். இதற்குக் கொஞ்சம் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

ஒருவர் குண்டா ஒல்லியா என்று பார்க்க, இன்று உலகம் முழுவதும் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, உயரத்தை மீட்டரில் அளந்து, அந்த உயரத்தால் இரண்டு முறை வகுப்பது. பெல்ஜியத்தில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்த கெட்லே என்பவர் தந்த கணக்கு இது. அவர் டாக்டர் அல்ல; வானசாஸ்திரி, புள்ளி விவர நிபுணர். ஆயிரக்கணக்கான மனிதர்களின் சராசரியைப் பார்ப்பதுதான் அவர் நோக்கமே தவிர, ஒரு தனி மனிதனுக்கு வைத்தியம் பார்ப்பதல்ல.

இந்த மாதிரி உயரம்–எடைக் கணக்குகள் எப்படி ஏமாற்றும் என்பதை 1942-ல் அமெரிக்கக் கடற்படை டாக்டர் ஆல்பர்ட் பெங்கி என்பவர் வேடிக்கையாக நிரூபித்தார். அமெரிக்கக் கால்பந்து ஆடுவதையே தொழிலாகக் கொண்ட 25 பேரை அவரும் அவருடைய சகாவும் பரிசோதித்தார்கள். அன்றைய எடைப் பட்டியலின்படி அவர்களில் 17 பேர் அதிக எடை என்று பட்டாளத்துக்கே லாயக்கில்லாதவர்கள்! ஆனால் அவர்களைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி நிறுத்துப் பார்த்தபோது விஷயம் தலைகீழாகிவிட்டது. கொழுப்பு தண்ணீரில் மிதக்கும். தசையும் எலும்பும் மூழ்கும். ஆகவே உடம்பு தண்ணீரில் எவ்வளவு எடை இழக்கிறது என்பதிலிருந்து, அதில் கொழுப்பு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஆர்க்கிமிடீஸ் கிரீடத்தைச் சோதித்த கதையேதான். அந்தக் கால்பந்து வீரர்களின் கனம் எல்லாம் தசை. பட்டியல் 'குண்டன்' என்று தள்ளியவர்கள் உண்மையில் கொழுப்பே இல்லாத கட்டுடம்புக்காரர்கள்.

இந்தக் கதையை அப்படியே கண்ணாடியில் பாருங்கள். பட்டியல் 'ஒல்லி' என்று சொல்லும் ஒரு குழந்தை, உள்ளே கொழுப்பு மிகுந்திருக்கிறது. அதுதான் நம் எஸ்.எம்.ஏ. குழந்தை.

பழைய வைத்தியப் புத்தகங்களிலேயே இதற்கு ஒரு ஜாடை உண்டு. கைக்குழந்தைகளுக்கு இந்த நோய் வந்தால் தசை கரைந்திருப்பது வெளியே தெரியாது, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு அதை மூடி மறைத்துவிடும் என்று எழுதியிருக்கிறார்கள். தொடையும் தோளும் உருண்டையாக இருக்கும். தொட்டுப் பார்த்தால் பஞ்சு.

தண்ணீரில் அமிழ்த்தி நிறுப்பது மூச்சு விடவே கஷ்டப்படும் குழந்தையிடம் நடக்கிற காரியமா? அதற்கு இப்போது வேறு யந்திரம் வந்திருக்கிறது. 'டெக்ஸா' என்று பெயர். குழந்தையை ஒரு மேஜையில் படுக்க வைத்து, இரண்டு விதமான சக்தியுள்ள எக்ஸ்-ரே கதிர்களை மெல்லிய அளவில் உடம்பின் மேல் செலுத்துகிறார்கள். எலும்பு, தசை, கொழுப்பு ஒவ்வொன்றும் அந்தக் கதிர்களை வெவ்வேறு விதமாகத் தடுக்கும். சில நிமிஷங்களில் எது எவ்வளவு என்று யந்திரம் சொல்லிவிடும். வலி இல்லை, ஊசி இல்லை.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்து டாக்டர்கள் எஸ்.எம்.ஏ. நோயாளிகளை இந்த யந்திரத்தில் படுக்க வைத்துப் பார்த்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். கெட்லேயின் சூத்திரப்படி மெலிந்தவர்கள் என்று தோன்றியவர்களிடமும் கொழுப்பு இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தது என்பதே அதன் சாரம்.

ஒரு மனக் கணக்கு

இது எப்படி முடியும் என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. விளக்கத்துக்காக நானே போட்ட கணக்கு; எந்தக் குழந்தையையும் நிறுத்து எடுத்ததல்ல.

ஐந்து வயதில் இரண்டு குழந்தைகள். இரண்டும் 107 சென்டிமீட்டர் உயரம். முதல் குழந்தை ஓடியாடித் திரிவது. எடை 18 கிலோ. அதில் கொழுப்பு 3 கிலோ, மீதி 15 கிலோ தசை, எலும்பு முதலியவை. இரண்டாவது குழந்தைக்கு எஸ்.எம்.ஏ.; எடை 15 கிலோ. பார்த்தவர்கள் எல்லோரும் "மூன்று கிலோ குறைச்சல்" என்பார்கள். ஆனால் இந்தக் குழந்தையின் உடம்பில் தசை முதலியவை 9 கிலோதான். கொழுப்பு 6 கிலோ. ஓடியாடும் குழந்தையைப் போல இரண்டு பங்கு!

சரி, இப்போது அந்த 'மூன்று கிலோ குறைச்சலை' ஈடு கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலாடை, நெய், வெண்ணெய், முந்திரிப் பருப்பு என்று ஊட்டி, ஆறு மாதத்தில் எடை 18 கிலோவுக்கு வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஏறிய மூன்று கிலோவில் தசை எங்கிருந்து வரும்? கட்டளை அனுப்பும் நரம்பு இல்லையே! மூன்று கிலோவும் கொழுப்புதான். இப்போது குழந்தையின் உடம்பில் சரிபாதி கொழுப்பு. பட்டியலோ, "பேஷ், சரியான எடை!" என்று சொல்கிறது.

பொய் சொல்வது தராசா, நாமா என்று யோசிக்க வேண்டியதுதான். தராசு சொன்னது வெறும் நம்பர். அதற்கு நாம் வேறு குழந்தைகளை வைத்து எழுதிய அர்த்தத்தைக் கொடுத்தோம்.

அதிகக் கொழுப்பினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். தட்டுத்தடுமாறி நடக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு கிலோவும் ஒரு மூட்டை. நாலு அடி நடக்க இருந்த சக்தி, அந்த மூட்டையைச் சுமப்பதில் போய்விடும். சக்கர நாற்காலிக் குழந்தையின் முதுகெலும்பு ஏற்கெனவே வளைய ஆரம்பித்திருக்கும். உடம்பு பருத்தால் மூச்சுக்கும் சிரமம். இவை எல்லாம் போக, அந்தக் குழந்தையைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளிக்கும் அறைக்கும் தினம் எத்தனை தடவையோ தூக்குகிறவள் தாயார். அவளுடைய முதுகும் ஒரு முதுகுதானே?

அப்படியானால் இந்தக் குழந்தைகளுக்கு எவ்வளவு ஆகாரம் வேண்டும்? சும்மா படுத்திருக்கும்போதுகூட உடம்பு அடுப்புப் போல எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த அடுப்பில் பெரிய பங்கு தசைக்கும் உள் உறுப்புகளுக்கும். தசை குறைந்தால் எரிவதும் குறையும். ஆட்டம் ஓட்டம் இல்லாததால் மேலும் குறையும். இத்தாலியில் மிலான் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் முதல் வகை, இரண்டாம் வகைக் குழந்தைகளைத் தனித்தனியே அளந்து, உடம்பின் அமைப்பையும், ஓய்வில் அது செலவழிக்கும் சக்தியையும் கணக்கெடுத்து 2017-ல் வெளியிட்டார்கள். மூச்சில் எவ்வளவு பிராணவாயு உள்ளே போகிறது, எவ்வளவு கரியமில வாயு வெளியே வருகிறது என்று அளந்தால் இந்தச் செலவு தெரிந்துவிடும். அதே நகரத்தார் 2021-ல் எஸ்.எம்.ஏ. குழந்தைகளுக்கென்றே தனி வளர்ச்சிப் பட்டியலும் போட்டார்கள். மற்றக் குழந்தைகளின் பட்டியலில் இவர்களைத் தேடுவது, சென்னைப் படத்தை வைத்துக்கொண்டு மதுரையில் தெரு தேடுகிற மாதிரி என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உயரத்தை அளப்பதும் லேசல்ல. நிற்க முடியாது, முழங்கால் மடங்கி இறுகியிருக்கும், முதுகு வளைந்திருக்கும். ஆகவே துண்டு துண்டாக அளந்து கூட்டுகிறார்கள், அல்லது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள எலும்பை அளந்து உயரத்தை மதிப்பிடுகிறார்கள். தையற்காரர் செய்கிற வேலை மாதிரி பொறுமையான வேலை. இந்த உயரத்தை வைத்தே, சென்டிமீட்டருக்கு இத்தனை கலோரி என்று ஆகார நிபுணர்கள் கணக்குப் போடுவதும் உண்டு.

லங்கணம் பரம ஔஷதமா?

இதுவரை படித்துவிட்டு, "அப்படியானால் சாப்பாட்டைக் குறைத்துவிட வேண்டியதுதான்" என்று யாராவது முடிவு கட்டினால் அது முன்னதைவிடப் பெரிய ஆபத்து. இந்த நோயின் விசித்திரமே இதுதான். ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கம் படுகுழி.

முதல் வகைக் குழந்தைகளில் பலருக்குப் பிரச்னை கொழுப்பல்ல, பட்டினி. பால் உறிஞ்சவே கன்னத்தில் பலம் இல்லை. கொஞ்சம் வளர்ந்த பிறகும் தாடை முழுவதும் திறக்காது. மென்றுகொண்டே இருக்கும்போது களைத்துப்போகும். மூச்சு விடுவதே பெரிய உழைப்பாகி, உண்ட சக்தி எல்லாம் அதற்கே செலவாகும். விழுங்கும் தசைகள் தவறினால் பாலும் கஞ்சியும் இரைப்பைக்குப் போகாமல் மூச்சுக்குழாயில் இறங்கும். இருமித் தள்ள பலம் இல்லாததால் அது நிமோனியாவில் கொண்டுபோய் விடும். சாப்பிடும்போது இருமல், புரை ஏறுதல், சாப்பிட்டபின் குரல் களகளவென்று மாறுதல், அடிக்கடி சளி ஜுரம், ஒரு வேளை சாப்பாடு அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தல், இவை எல்லாம் டாக்டரிடம் ஓட வேண்டிய அடையாளங்கள். விழுங்குவதை எக்ஸ்-ரேயில் சலனப் படமாக எடுத்துப் பார்க்க முடியும். கெட்டியாகவும் இல்லாமல் தண்ணீராகவும் இல்லாமல் குழைவான பதத்தில் கொடுப்பது பலருக்கு உதவும். நீர்த்த திரவம்தான் சிலருக்கு முக்கிய சத்துரு. அதைக் கெட்டிப்படுத்தித் தரச் சொல்வார்கள்.

அதுவும் போதாது என்றால் வயிற்றில் சிறு துவாரம் செய்து குழாய் பொருத்துவார்கள். இந்த யோசனையைக் கேட்டவுடன் பெற்றவர்கள் துடித்துப்போவது இயற்கை. "வாயால் ஒரு கவளம் சாப்பிடக்கூடக் கொடுத்து வைக்கவில்லையா என் குழந்தைக்கு?" என்று அழாத தாய் இருக்க மாட்டாள். ஆனால் குழாய் வைத்தால் வாய்க்குப் பூட்டு என்று அர்த்தமில்லை. ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னால் நாக்கில் துளிப் பாயசம் தடவலாம், ருசி பார்க்கலாம். வயிறு நிரப்ப வேண்டிய கவலைதான் நாக்கை விட்டுப் போகிறது. குழந்தை எலும்பும் தோலுமாய் ஆகிற வரை காத்திராமல், கொஞ்சம் பலம் இருக்கும்போதே அந்த ஆபரேஷனைச் செய்துவிடுவது நல்லது என்பது நிபுணர்கள் கருத்து.

இனி மிக முக்கியமான விஷயம். ஜுரம் வந்தால் பட்டினி போடுவது நம் நாட்டுப் பழக்கம். 'லங்கணம் பரம ஔஷதம்' என்று வசனமே இருக்கிறது. ஓடியாடும் பிள்ளைக்கு ஒரு வேளை லங்கணம் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எஸ்.எம்.ஏ. குழந்தையிடம் அந்த வசனத்தைப் பிரயோகிக்கவே கூடாது.

காரணம் இதுதான். நாம் சாப்பிடாமல் இருக்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை போய்க்கொண்டே இருக்க வேண்டும். கல்லீரலில் இருக்கும் சேமிப்புச் சில மணி நேரத்துக்குத்தான் வரும். பிறகு தசைகளிலிருந்து புரதத்தின் துண்டுகளை எடுத்துக் கல்லீரல் சர்க்கரை செய்கிறது. அதாவது, தசை என்பது நடப்பதற்கும் தூக்குவதற்கும் மட்டுமல்ல. பஞ்ச காலத்துக்கான களஞ்சியமும் அதுவே. இந்தக் குழந்தைகளின் களஞ்சியம் காலி. கொழுப்பு நிறைய இருக்கிறதே, அதை எரிக்கக் கூடாதா என்றால், கடுமையான எஸ்.எம்.ஏ.யில் கொழுப்பை எரிக்கும் காரியமும் சரியாக நடப்பதில்லை. அரைகுறையாக எரிந்த கொழுப்பின் கழிவு சிறுநீரில் வருவதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆகப் பெட்டி நிறையப் பணம் இருந்தும் சாவி திரும்பாத நிலை. ரத்தத்தில் சர்க்கரை சடக்கென்று இறங்கிவிடலாம்.

2007-ல் பல நாட்டு டாக்டர்கள் கூடி இந்த நோய்க்கான சிகிச்சை முறைகளை வகுத்து வெளியிட்டபோது, இதைத் திட்டமாகச் சொன்னார்கள்: திடீர் நோயில் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 4 முதல் 6 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு முழு ஆகாரச் சக்தியும் கிடைத்துவிட வேண்டும், குழாய் வழியாகவோ, ரத்தக் குழாய் வழியாகவோ, எப்படியாவது. ஆபரேஷனுக்காகப் பட்டினி போடுவதானாலும் முடிந்த அளவு சுருக்க வேண்டும். இந்தக் குழந்தையை முன்பின் பார்த்திராத ஆஸ்பத்திரிக்கு நடுராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடும் பெற்றோர், "இவனை வெறும் வயிற்றோடு வைக்கக் கூடாது டாக்டர்" என்று வாயைத் திறந்து சொல்லித்தான் ஆகவேண்டும். எல்லா டாக்டர்களும் எல்லா அபூர்வ நோயையும் கரைத்துக் குடித்திருக்க முடியாது. சொல்ல வேண்டியதை ஒரு காகிதத்தில் டாக்டரிடமே எழுதி வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

பெற்றோர் சமைத்த பத்தியம்

வைத்தியர்கள் கையை விரித்த காலத்தில் பெற்றோர்கள் சும்மா இருப்பார்களா? அமெரிக்காவில் முதல் வகைக் குழந்தைகளைப் பெற்ற சில குடும்பங்கள் தாங்களே ஒரு பத்தியத்தை உருவாக்கிக்கொண்டார்கள். சாதாரணப் பாலுக்குப் பதில், புரதத்தை அமினோ அமிலங்களாக முன்கூட்டியே உடைத்து வைத்த மாவு. கொழுப்பு மிகக் குறைவு. கூடப் பழமும் காய்கறியும். ஒரு தாய் இன்னொரு தாய்க்குச் சொல்லி, அது நாடு முழுவதும் பரவியது. மலச்சிக்கல் குறைகிறது, எச்சில் வடிவது குறைகிறது, பலம் கூடுகிறது என்றெல்லாம் சொன்னார்கள். 2014-ல் வெளியான ஒரு விசாரணையில், முதல் வகைக் குழந்தைகளின் குடும்பங்களில் மிகப் பலர் இதைப் பின்பற்றுவது தெரியவந்தது.

டாக்டர்கள் இதை முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரேயடியாகத் தள்ளவும் இல்லை. சாட்சியம் போதாது என்கிறார்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், அந்தத் தாய்மார்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கொழுப்பை அறவே விலக்கினால், உடம்பு தானே செய்துகொள்ள முடியாத சில அத்தியாவசியக் கொழுப்புகளும் போய்விடும். ஒருவர் சொன்னார் என்று டப்பா மாவுகளையும் வைட்டமின் சொட்டுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொடுத்தால் அளவு மீறும். பத்தியம் எதுவானாலும் ஆகார நிபுணர் கண்ணில் பட வேண்டும்.

வைட்டமின் 'டி' யும் சுண்ணாம்புச் சத்தும் மாத்திரம் இவர்களுக்கு மிகவும் தேவை. எலும்பு உறுதியாவது நின்று நடப்பதால். தசை இழுக்க இழுக்க எலும்பு கெட்டிப்படுகிறது. அந்த இழுப்பு இல்லாததால் இவர்கள் எலும்பு மெலிந்து, உடை மாற்றும்போதுகூடத் தொடை எலும்பு முறிந்துவிடுவது உண்டு. மலச்சிக்கலை அற்ப விஷயம் என்று தள்ளக் கூடாது. வயிறு உப்பினால் மேலே உள்ள உதரவிதானத்தை அது தள்ளும். ஏற்கெனவே திணறும் மூச்சு இன்னும் திணறும். தண்ணீரும் நார்ச்சத்தும் இங்கே மூச்சுக்கு மருந்து.

மருந்து வந்த பிறகு

டாக்டர்கள் கையை விரித்த காலம் இப்போது மாறிவிட்டது. 2016 டிசம்பரில், சோம்பேறித் தம்பி ஜீனைத் தட்டி எழுப்பி வேலை வாங்கும் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை முதுகுத் தண்டு நீரில் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். 2019-ல் கெட்ட ஜீனுக்குப் பதில் நல்ல ஜீனையே ஒரு வைரஸின் முதுகில் ஏற்றி அனுப்பும் சிகிச்சை வந்தது. அமெரிக்காவில் அதன் விலை 21 லட்சம் டாலருக்கு மேல்! 'பதினாறு கோடி ரூபாய் ஊசி' என்று நம் ஊர்ப் பத்திரிகைகளில் வந்ததும், முகம் தெரியாத குழந்தைக்காக ஜனங்கள் நூறும் ஆயிரமுமாகச் சேர்த்து அனுப்பியதும் இதற்காகத்தான். 2020-ல் வாயால் குடிக்கும் மருந்தும் வந்தது. மறு வருஷமே அது இந்தியாவுக்கு வந்தாலும் விலை எட்டாக் கொம்பு; 2025-ல் கோர்ட்டு வழக்குக்குப் பிறகு இந்தியக் கம்பெனி ஒன்று அதைப் பழைய விலையில் ஒரு சிறு பகுதிக்குத் தயாரித்து விற்க ஆரம்பித்தது.

நோயின் குறி தோன்றுமுன்பே மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகள் பலர் நடக்கிறார்கள், வாயால் சாப்பிடுகிறார்கள். குறி தோன்றிய பிறகு மருந்து பெற்றவர்கள் பிழைத்துக்கொண்டாலும், பலருக்கு விழுங்கும் தொல்லை நீடிக்கிறது. முன்பு இரண்டு வயதைத் தாண்டாதவர்கள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆகவே 'இவனுக்கு எவ்வளவு ஊட்டுவது?' என்ற கேள்வி முன்னைவிட நீண்டகாலக் கேள்வியாகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஜீன் சிகிச்சையின் அளவைக் குழந்தையின் எடையைக் கொண்டுதான் தீர்மானிக்கிறார்கள். குடிக்கும் மருந்தும் 20 கிலோ வரை எடைக் கணக்குத்தான். ஆக, தராசைத் தூக்கி எறிந்துவிடவும் முடியாது. மருந்துக்கு அது வேண்டும்; ஆகாரத்துக்கு அது மட்டும் போதாது.

நிற்க முடியாத குழந்தையை எப்படி நிறுப்பது என்று கேட்பீர்கள். தாயார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தராசில் ஏறுவாள். பிறகு குழந்தையை யார் கையிலாவது கொடுத்துவிட்டுத் தனியாக ஏறுவாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குழந்தையின் எடை. நர்ஸு அதை மட்டும் எழுதிக்கொண்டு, தாயாரின் எடையை அழித்துவிடுவார். ராத்திரி நாலு தடவை எழுந்து குழந்தையைப் புரட்டிப் படுக்க வைப்பவள், ஒரு கவளத்துக்கு ஐந்து நிமிஷம் காத்திருந்து ஊட்டுபவள், தான் எப்போது சாப்பிட்டோம் என்று நினைவில்லாதவள் அவள். அந்த இரண்டாவது எண்ணையும் ஒரு மூலையில் குறித்து வைத்து, போன தடவை எவ்வளவு என்று புரட்டிப் பார்க்கிற டாக்டர் எங்கேயாவது இருந்தால், அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.